நான்கு தட்டில் அம்மா

"கொம்பியூட்டர்ல தமிழ் இருக்கா சேர்?"

இக்கேள்வியைக் கேட்டவள் எட்டு வயதுச் சிறுமி. கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு வந்து, அங்கே பேருந்து மாறி, தாயின் கையைப் பற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்திருந்தாள். கணினியை இயக்கிக் கொடுத்து, "உன் பெயரை எழுது, மகள்" என்றேன். ஒற்றை விரலால் ஆங்கில எழுத்துக்களைத் தேடித் தேடித் தட்டினாள். பெயர் பிழையின்றி வந்தது. "நல்லது, இனித் தமிழிலே எழுது" என்றேன். சாவிப்பலகையை ஓரத்திலிருந்து ஓரம்வரை உற்றுப் பார்த்தாள். அதன்மேல் தமிழெழுத்து ஒன்றேனும் இல்லை. பின்னரே அவ்வாறு கேட்டாள்.

பிள்ளை பிழையாக ஒன்றும் கேட்கவில்லை. கண்ணுக்குப் புலப்பட்டதைக் கேட்டாள். அவள் வீட்டிலே தமிழ் உண்டு. பாடசாலையிலே தமிழ் உண்டு. கோயிலிலே தமிழ் உண்டு. கணினியின் முன் அமரும்போது மாத்திரம் தமிழ், வாசலிலே கழற்றி வைக்கும் செருப்பாகிவிடுகிறது. இதனை அவளுக்குக் கற்பித்தவர் எவருமிலர். கற்பியாமல் விட்டவர் பலர். அவர்களுள் நானும் ஒருவன்.

நான் தமிழ்ப் பண்டிதன். கீழைத்தேயக் கல்லூரியிலே இலக்கணமும் இலக்கியமும் பயின்றவன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் பாடசாலையிலே தமிழ் கற்பித்து வருபவன். பண்டிதனுக்கும் கணினிக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். நானும் நெடுங்காலம் அவ்வாறே வினவிக்கொண்டிருந்தேன். என் வினாவிலே செருக்கு இருந்தது. அதற்குரிய தண்டனையும் கிடைத்தது. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையிலே, வாசிகசாலை ஒன்றின் மேல்மாடியிலே, சனிக்கிழமைதோறும் காலையில் எங்கள் வகுப்பு நடைபெறுகிறது. கரையோரப் புகைவண்டி போகும்போது மேசைகள் மெல்ல அதிரும். ஆறு பழைய கணினிகள், பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு கணினிக்கு இருவர். இயந்திரத்தின் நோய்களைப் பார்ப்பவர் என் பழைய மாணாக்கர் ஒருவர். வாரநாட்களில் வேறு தொழில் செய்பவர். எழுத்தின் நோய்களைப் பார்ப்பது என் பங்கு.

ஆசிரியன் எதற்கு?

சிறுபிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்க ஆசிரியன் வேண்டுமா என்பதே முதல் ஐயம். 1999ஆம் ஆண்டிலே புதுதில்லியிலுள்ள கல்காஜி என்னுமிடத்தில், சுகதா மித்ரா என்பவர் தம் அலுவலகத்து மதிலிலே ஒரு துளையிட்டுக் கணினி ஒன்றைப் பொருத்திவைத்தார். மதிலுக்கு அப்பால் ஏழைகளின் குடியிருப்பு. அங்குள்ள பிள்ளைகள் எவருடைய துணையுமின்றி, ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்து அதனை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். "மதிலில் ஒரு துளை" என்று உலகெங்கும் பேசப்பட்ட சோதனை அது.

எங்கள் வகுப்பிலும் அதனைக் கண்கூடாகக் காண்கிறேன். சுட்டியைப் பிடிப்பதற்கு எந்தப் பிள்ளைக்கும் நான் கற்பித்ததில்லை. படம் வரைவதும், வண்ணம் தீட்டுவதும், விளையாட்டைத் திறப்பதும் அரைமணி நேரத்திலே வந்துவிடுகின்றன. நானே கணினியை மூடத் தெரியாது தடுமாறிய நாளில், ஏழு வயதுப் பையன் ஒருவன் என் கையை விலக்கி, "இஞ்ச பாருங்கோ சேர்" என்று மூடிக் காட்டினான்.

ஆயின், பிள்ளை தானே கண்டுகொள்ளாதவை சில உண்டு. ஆக்கிய கோப்புக்குப் பொருந்தப் பெயரிட்டு, தேடினால் அகப்படும் இடத்தில் வைத்தல் ஒன்று. பத்து விரலையும் முறைப்படி பயன்படுத்தல் ஒன்று. அறியாத இடத்திலிருந்து வரும் வினாவுக்கு "ஆம்" என்று அழுத்துமுன் பெரியவரைக் கேட்டல் ஒன்று. இவை எல்லாவற்றினும் முதலாவது, தன் மொழியின் எழுத்தை அந்த இயந்திரத்திலே கண்டெடுத்தல். பலகையின்மேல் பொறிக்கப்படாத எழுத்தை எந்தப் பிள்ளையும் தற்செயலாகக் கண்டெடுக்காது. ஆசிரியன் வேண்டுவது அங்கேதான்.

பலகையின் பழங்கதை

தமிழெழுத்து 247. தட்டச்சுப் பொறியிலோ ஐம்பதுக்கும் குறைந்த விசைகள். இப்பெருங்கூட்டத்தை அச்சிறு கூட்டுக்குள் அடக்கியவர் எங்கள் நாட்டவர். 1886ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்திற் பிறந்து, சிங்கப்பூரிலே தொழில் பார்த்த ஆர். முத்தையா அவர்கள், தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தார். புள்ளியையும் விசிறியையும் அடிக்கும்போது தாள் நகராதிருக்குமாறு நகராவிசைகளை அமைத்தார். ஜெர்மன் நிறுவனம் ஒன்று அப்பொறியைச் செய்து விற்றது. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரைப் போற்றுவது முற்றும் தகும்.

தட்டச்சுப் பொறி கண் காணும் முறையில் எழுதும். "கெ" என்பதற்குக் கொம்பை முதலில் அடித்து, ககரத்தைப் பின்னர் அடித்தல் வேண்டும். கணினி வந்தபின் எங்கள் நாட்டிலே பெருவழக்குப் பெற்ற "பாமினி" முதலிய எழுத்துருக்களும் இம்முறையையே பின்பற்றின. அவை செய்தது ஒரு மாயவேலை. ஆங்கில எழுத்தின் இடத்திலே தமிழெழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்தல். "அம்மா" என்று பாமினியில் அடித்தால், கணினி தன் உள்ளத்திலே குறித்துக்கொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்தையே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே அக்கோப்பைத் திறந்தால் அம்மா மறைந்துபோவாள். எம்மும் கேயும் எஞ்சி நிற்கும்.

இக்குறை தீர்ந்தது ஒருங்குறியினாலே. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே உலக மொழிகள் பலவற்றோடு தமிழுக்கும் தனியிடம் வகுக்கப்பட்டது. இன்று "அம்மா" என்று எழுதினால், கொழும்பிலும் கனடாவிலும், கணினியிலும் கைபேசியிலும் அவள் அம்மாவே.

பலகைக்கும் நியமங்கள் பிறந்தன. சென்னையிலே 1999இல் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் "தமிழ் 99" என்னும் பலகையைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றது. எங்கள் நாட்டிலே தட்டச்சு மரபை ஒட்டிய ரெங்கநாதன் பலகை 2008இல் நியமமாயிற்று. தட்டச்சிலே பழகிய விரல்களுக்கு அதுவே உகந்தது. அவர்களை மாற்றிக்கொள்ளுமாறு நான் சொல்லேன். ஆனால் எந்தப் பழக்கமும் ஏறாத பிஞ்சுவிரல்களுக்கு நான் தேர்ந்தது தமிழ் 99. இத்தேர்வுக்குக் காரணம் இலக்கணம்.

இடக்கை உயிர், வலக்கை மெய்

அப்பலகையிலே உயிர் பன்னிரண்டும் இடப்புறம்; மெய்கள் பெரும்பாலும் வலப்புறம். வகரமும் ஙகரமும் மாத்திரம் இடமின்றி இடக்கைப் பக்கம் ஒதுங்கின. புள்ளியோடு சேர்த்து முப்பத்தொரு விசை. ஆய்தமும் கிரந்த எழுத்துக்களும் மேல்விசையோடு வரும். ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் "கி" பிறக்கும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாகும் என்று கரும்பலகையிலே ஆண்டுதோறும் எழுதிக் களைத்த எனக்கு, அக்கூட்டம் ஒரு பிள்ளையின் இரு கைகளுக்கிடையே நிகழ்வதைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சியை எவ்வாறு சொல்வேன்!

கொட்டாஞ்சேனைச் சிறுமிக்கு நான் கொடுத்த முதற்பாடம் "அம்மா". அகரம், மகரம், மகரம், ஆகாரம். நான்கே தட்டு. புள்ளியை அவள் தட்டவில்லை. மகரம் இரண்டு அடுத்து வந்ததும் முன்னதன் தலையிலே புள்ளி தானாக ஏறிற்று.

"சேர், புள்ளி நான் வைக்கலியே!" என்றாள்.

"நீ வைக்காவிட்டாலும் அது வைக்கும், மகள். ஒரே எழுத்து இரட்டித்தால் முன்னது ஒற்று என்பது அதற்குத் தெரியும்."

பின்னர் "பந்து" தட்டினாள். நகரத்தின் பின் தகரம் வந்ததும் நகரம் ஒற்றாயிற்று. "தங்கம்", "பஞ்சு", "வண்டு", "பாம்பு", "கன்று" என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். ஆறிடத்தும் புள்ளி தானே ஏறிற்று. கசடதபற என்னும் வல்லினத்துக்கு ஙஞணநமன என்னும் மெல்லினம் முறையே இனம் என்பதனை ஆறாம் வகுப்பிலே மனனம் செய்வித்து, ஏழாம் வகுப்பிலே மறந்துவிட்டார்கள் என்று வருந்துபவர் நாம். எட்டு வயதுப் பிள்ளையின் விரல் அதனை அரைமணியிலே அறிந்துகொண்டது. விதியை அவள் கேட்கவில்லை. விதி நிகழ்வதைக் கண்டாள். கண்டபின் பெயரைக் கேட்டாள். "இனவெழுத்து" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை வேறொன்று நிகழ்ந்தது. "கி" என்று தட்டிவிட்டு, அழிக்கும் விசையை ஒருமுறை அழுத்தினாள். எழுத்து முழுவதும் அழியவில்லை. விசிறி மாத்திரம் நீங்கிக் ககரம் நின்றது.

"சேர், உயிர் போச்சு, மெய் நிக்குது!"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எத்துணை அருகிலே வந்துவிட்டாள்! "நிற்பது மெய்யா? வாசித்துப் பார்" என்றேன். "க" என்றாள். மீண்டும் "க" என்றாள். சற்றே நின்று, "அதுக்குள்ள அ இருக்கு சேர்" என்றாள். "அந்த அகரத்தையும் போக்கு" என்றேன். புள்ளியைத் தட்டினாள். "க்" நின்றது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தொல்காப்பியர் கணக்கில் மெய்யே முதல். அதனோடு அகரம் கூட "க" பிறக்கும். ஒருங்குறியோ "க" என்பதை முதலாகக் கொண்டு, புள்ளியை அதன்மேல் ஏற்றி மெய்யைப் பெறுகிறது. "க" ஓர் இடம் கொள்ளும். "க்" ஈரிடம் கொள்ளும். இலக்கணத்தை இயந்திரம் தலைகீழாக வைத்துக்கொண்டது என்று புலவர் சிலர் வருந்துவர். வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அத்தலைகீழ்மையையே பாடமாக்கலாம் என்பதை அச்சிறுமி எனக்குக் காட்டினாள்.

"மமதை" என்று எழுதச் சொன்னால் பிள்ளைகள் முதலில் "ம்மதை" என்றே பெறுவார்கள். இரு மகரத்துக்கும் இடையில் அகரத்தைத் தட்டினாலன்றி அச்சொல் அமையாது. ககரத்துக்குள் அகரம் உறைவதை அறிந்த பிள்ளை இதனைத் தானே கண்டுகொள்ளும். அகரம் இல்லாவிடின் மமதையும் நில்லாது. எனக்கும் அச்சொல்லுக்கும் நெடுநாள் உறவு உண்டாதலின், தண்டனை பெற்ற கதைக்கு இப்போது வருகிறேன்.

செல்லரித்த ஏடு

என் ஆசான் நன்னூலுக்குச் சொல்லிய விளக்கங்களை நாங்கள் சிலர் குறிப்பேடுகளிலே எழுதி வைத்திருந்தோம். அவர் காலமான பின், 2001ஆம் ஆண்டிலே, அவற்றை அச்சிடும் எண்ணத்தோடு ஒரு தட்டச்சு நிலையத்திலே கொடுத்துக் கணினியில் ஏற்றுவித்தேன். மூன்று இறுவட்டுகள் கைக்கு வந்தன. "கணினியில் இருக்கிறது, இனிக் கவலையில்லை" என்று அலுமாரியிலே வைத்தேன். எந்த எழுத்துரு, எந்த முறை என்று கேட்கவில்லை. அது பண்டிதனுக்குரிய கேள்வியன்று என்று எண்ணினேன். அச்சிடப் பணம் சேரவில்லை. ஆண்டுகள் கழிந்தன. குறிப்பேடுகள் இருந்த பெட்டியைச் செல் அரித்தது.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின் இறுவட்டைத் திறந்தேன். ஆசானின் குரலை எதிர்பார்த்த இடத்திலே எம்மும் கேயும் அரைப்புள்ளியும் வரிவரியாக நின்றன. அன்று நான் கணினியை வைதேன். வைதிருக்க வேண்டியது என்னை.

மேலே சொன்ன பழைய மாணாக்கரே உதவினார். எழுத்துருவை இன்னதென்று அறிந்து, மாற்றுங்கருவி ஒன்றினாலே அதனை ஒருங்குறிக்குக் கொணர்ந்தார். இடையிலே வந்த ஆங்கிலச் சொற்களையும் அக்கருவி தமிழென்று கொண்டு உருத்தெரியாமல் ஆக்கிவிட்டது. அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தினோம். எழுத்தியலும் பதவியலும் உயிரீறும் மெய்யீறும் மீண்டன. மூன்றாவது இறுவட்டு திறக்கவேயில்லை. உருபு புணரியலுக்கு ஆசான் சொன்ன விளக்கம் போயிற்று. அதனை நினைவிலிருந்து எழுதமுயன்று பலமுறை தோற்றிருக்கிறேன்.

செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்து, 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்தார் எங்கள் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். ஏடு எடுக்கும்போது ஓரம் சொரியும் துன்பத்தை அவர் பதிப்புரைகளிலே வாசித்து உருகியவன் நான். என் அலுமாரியிலே வேறுவகை ஏடு ஒன்று சொரிந்துகொண்டிருந்ததை அறியாதிருந்தேன்.

ஆதலின், எங்கள் வகுப்பிலே எழுதுதலுக்கு அடுத்த பாடம் வைத்தல். கோப்புக்குத் தமிழிலே பெயரிடு, நாளைக் குறி, இரண்டிடத்திலே வை, அடுத்த வாரம் திறந்து பார். எட்டு வயதுக்கு இது மிகையன்று. பென்சிலைப் பெட்டியில் வைக்கப் பழகும் வயதே இதற்கும் உரிய வயது.

சில தடைகள்

பெற்றோர் சிலர், "கணினி படிப்பது ஆங்கிலத்துக்காகத்தானே, தமிழ் எதற்கு?" என்பர். அவர்களை நான் குறைகூறேன். தொழிலும் உயர்கல்வியும் பிள்ளைக்கு ஆங்கிலத்தை வேண்டுகின்றன. எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் தட்டுகிறார்கள். சிங்களத்தில் தட்டப் பழகிய இருவரும் உளர். நான் வேண்டுவது முறை ஒன்றே. தன் பெயரைத் தன்னெழுத்தில் முதலில் எழுதட்டும். அவ்வியந்திரத்திலே தான் விருந்தாளி அல்லள் என்று அறிந்தபின் எந்த மொழியையும் எழுதட்டும்.

ஆசிரிய நண்பர் சிலர், "கையெழுத்து அழியும்" என்பர். அச்சம் பொய்யன்று. அதனாலே வகுப்பின் முதற் கால்மணி கொப்பியிலே பென்சிலால் எழுதுவதற்கு உரியது. எழுதியதையே பின்னர்த் தட்டவேண்டும். லகர ளகர ழகரத்தைக் கையிலே மயங்கும் பிள்ளை கணினியிலும் மயங்கும். கைபேசி நீட்டும் சொற்பட்டியலிலிருந்து எதையேனும் தொட்டுவிடும் பழக்கத்துக்கு மருந்து, சொல்லைத் தானே எழுத்தெழுத்தாகக் கூட்டுவதுதான்.

பெருந்தடை வறுமை. 2020ஆம் ஆண்டு மார்ச்சிலே பாடசாலைகள் மூடப்பட்டபோது, தந்தையின் ஒரேயொரு கைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்ததைக் கொட்டாஞ்சேனையிலே கண்டேன். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களும் வந்தன. அப்போது கடதாசிமட்டைகளிலே பலகையை வரைந்து ஆளுக்கொன்று கொடுத்தேன். ஒருவன் சொல்லைச் சொல்வான். மற்றவன் மட்டையிலே தட்டுவான். மூன்றாமவன் பிழை பார்ப்பான். மின்சாரம் மீண்டபோது அவர்கள் விரல்கள் பலகையைப் பாராமலே ஓடின. கணினி இல்லாத பாடசாலை ஆசிரியர்கள் இதனைச் செய்து பார்க்கலாம். செலவு ஒரு மட்டை.

புதுப்பொறி தமிழுக்கு ஆகாது என்று நாவலர் பெருமான் எண்ணவில்லை. 1848இலே வண்ணார்பண்ணையில் பாடசாலை தொடங்கியவர், அடுத்த ஆண்டிலே சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். சிறுவருக்குப் படிமுறையாகப் பாலபாடங்கள் எழுதி அச்சிட்டார். கணினிக்குரிய தமிழ்ப் பாலபாடத்தை எழுதுவது இன்று எங்கள் கடன். அதனைப் பொறிவல்லாரிடம் மாத்திரம் விட்டுவிடலாகாது. எது முன், எது பின் என்று அறிந்தவன் ஆசிரியனே.

அக்கடனின் பயன் பெரிது. 1998இலே தொடங்கிய மதுரைத்திட்டம் பழந்தமிழ் நூல்களையும், 2005இலே தொடங்கிய "நூலகம்" ஈழத்து நூல்களையும் எவரும் விலையின்றி வாசிக்குமாறு இணையத்திலே சேர்த்து வருகின்றன. 1981இலே யாழ்ப்பாண நூலகம் எரியக் கண்ட தலைமுறைக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. மதுரைத்திட்டத்து நூல்களிற் பெரும்பாலானவை யாரோ சில அன்பர்கள் தம் ஓய்வு நேரத்திலே எழுத்தெழுத்தாகத் தட்டியவை. அவ்விரல்கள் முதுமையடைகின்றன. அடுத்த விரல்கள் எங்கே பழகுகின்றன என்பதே என் கேள்வி.

கொட்டாஞ்சேனைச் சிறுமி சென்ற மாதம் கடிதம் ஒன்று எழுதினாள். மலைநாட்டிலே தோட்டமொன்றில் இருக்கும் அவளுடைய அப்பாயிக்கு. அவருக்குத் தமிழ் மாத்திரமே வாசிக்கத் தெரியும். சிறிய எழுத்துத் தெரியாது. ஆதலால் எழுத்தைப் பெரிதாக்கி, பதினொரு வரியிலே இரு பக்கமாக அச்சிட்டுக்கொண்டாள். கடிதத்திலே ஒரு ளகரப் பிழை இருந்தது. சுட்டிக் காட்டினேன். திறந்து, திருத்தி, மீண்டும் அச்சிட்டாள். பழைய தாளை என்னிடம் தந்துவிட்டாள்.

அத்தாள் என் நன்னூற் பிரதிக்குள் இருக்கிறது. உருபு புணரியல் தொடங்கும் பக்கத்திலே அதனை வைத்திருக்கிறேன்.